மதுரையில செங்கொடிகளுக்கு நடுவுல: மார்க்சிஸ்ட் மாநாட்டுக்குப் போய் வந்த நாட்குறிப்பு

ஏப்ரல் 2, 2025, புதன்

மாட்டுத்தாவணியில இறங்கி தமுக்கம் வர்ற வரைக்கும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் செங்கொடி. ஆட்டோக்காரர் "கூட்டம் ஜாஸ்திண்ணே, காந்தி மியூசியம் கிட்டயே இறக்கி விட்டுர்றேன், நடந்துருங்க"ன்னு சொல்லிட்டாரு. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியோட 24வது அகில இந்திய மாநாடு இன்னிக்கு ஆரம்பம், 6ஆம் தேதி வரைக்கும் நடக்குது. இந்தக் கட்சிக்கு மதுரையில இது ரெண்டாவது மாநாடு, முன்னாடி 1972ல 9வது மாநாடு நடந்திருக்கு.

நான் கட்சிக்காரன் கிடையாது. இவங்களுக்கு ஓட்டுப் போட்டதும் உண்டு, போடாம விட்டதும் உண்டு. கேள்வி நிறைய இருக்கு, அதுல முக்கியமானது ஒண்ணுதான்: தொழிலாளிக்கு எதிர்ல நிக்கிறது பாஜகவா இருந்தா இவங்க எந்தப் பக்கம்னு எல்லாருக்கும் தெரியும், எதிர்ல நிக்கிறது கூட்டணிக் கட்சியாவோ இவங்களோட சொந்த அரசாங்கமாவோ இருந்தா எந்தப் பக்கம் நிப்பாங்க? அதைப் பார்க்கத்தான் வந்திருக்கேன். முடிஞ்சவரைக்கும் தினமும் ராத்திரி எழுதிப் போட்டுடறேன்.

ஸ்கூல்ல கூடப் படிச்ச நண்பன் திண்டுக்கல் பக்கம் கட்சியில இருக்கான், இங்க வரவேற்புக் குழுவுல தொண்டர் வேலை பார்க்கிறான், அவன்தான் தொடக்க நிகழ்ச்சிக்கு பாஸ் வாங்கிக் கொடுத்தான். "மாப்ள, திட்டுறதா இருந்தாலும் திட்டு, ஆனா பார்த்ததை எழுது"ன்னு ஒரே ஒரு கண்டிஷன் போட்டான்.

மாநாட்டு அரங்கத்துக்கு சீதாராம் யெச்சூரி பேரு வச்சிருக்காங்க. அவரு போன செப்டம்பர் 12ஆம் தேதி இறந்ததுல இருந்து கட்சிக்குப் பொதுச் செயலாளரே கிடையாது, பிரகாஷ் காரத்தான் ஒருங்கிணைப்பாளரா இருந்து ஓட்டிட்டு வந்திருக்காரு. கொடியேத்தினது மேற்கு வங்கத்துப் பிமன் பாசு. கீழவெண்மணியில இருந்து கொண்டாந்த கொடி. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்டதுக்காக ஒரு குடிசைக்குள்ள வச்சு 44 பேரை எரிச்ச ஊரு அது, பெரும்பாலும் பொம்பளைங்களும் குழந்தைங்களும், எரிச்ச மிராசுதாரருங்க ஹைகோர்ட்டுல விடுதலையும் ஆனாங்க. அந்த ஊர்ல இருந்து வந்த கொடி மேல ஏறும்போது எனக்கு இருக்கிற கேள்வியெல்லாம் கொஞ்ச நேரம் தள்ளி நின்னுச்சு, அதை மறைக்க வேண்டியதில்ல.

காரத் இங்கிலீஷ்ல பேசினாரு. டிரம்ப், மோடி, அதானி அம்பானி, ஆர்எஸ்எஸ்னு எல்லாத்தையும் ஒரே கோட்டுல கொண்டு வந்து நிறுத்தினாரு. மேடையில சிபிஐயோட ராஜா இருந்தாரு, சிபிஐ (எம்எல்) லிபரேஷன் கட்சியோட தீபங்கர் பட்டாச்சார்யாவும் இருந்தாரு, இடதுசாரி ஒற்றுமை பத்தி எல்லாருமே பேசினாங்க. ஆனா இதே கட்சிகளுக்குள்ளதான் ரெண்டு மாசமா ஒரு சண்டை ஓடிட்டு இருக்கு. மோடி ஆட்சியை பாசிச ஆட்சின்னு சொல்லணும்னு மத்த ரெண்டு கட்சியும் சொல்லுது, மார்க்சிஸ்ட் கட்சியோட தீர்மான வரைவு 'நவபாசிசத் தன்மைகள் வெளிப்படுது'ன்னு மட்டும் சொல்லுது, அதுக்கு மேல ஒரு விளக்கக் குறிப்பு வேற அனுப்பினாங்க. வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு இது வீண் வாதமாத் தெரியலாம், எனக்கு அப்படித் தோணல. யாரோட எல்லாம் கூட்டு சேரலாம், எதுவரைக்கும் விட்டுக் கொடுக்கலாம்ங்கிறதை முடிவு பண்ற விஷயம் அது.

2004ல மக்களவையில இவங்க மட்டும் 43 பேர் இருந்தாங்க. இப்ப 4 பேரு, அதுல ரெண்டு பேரு மதுரையும் திண்டுக்கல்லும். வங்காளத்தை 34 வருஷம் ஆண்ட கட்சிக்கு 2021ல அந்தச் சட்டசபையில ஒரு சீட்டு கூட கிடைக்கல. 'கட்சியோட சொந்த பலத்தைக் கூட்டணும்'னு தீர்மானத்துல இருக்கு. எப்படிங்கிறதுதான் எனக்குத் தெரியணும்.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில போனைத் திறந்தா ரெண்டு செய்தி. ராத்திரி ஒரு மணிக்கு மேல வக்ஃபு திருத்த மசோதா மக்களவையில நிறைவேறிடுச்சு, 288க்கு 232. அதே ராத்திரிதான் டிரம்ப் இந்தியச் சரக்குக்கு 26 சதவீத வரின்னு அறிவிச்சிருக்காரு. டீக்கடையில நின்ன திருப்பூர்த் தோழர் ஒருத்தர் வக்ஃபைப் பத்தி ஆரம்பிச்சு நேரா பனியன் ஆர்டருக்குப் போயிட்டாரு, அமெரிக்கா ஆர்டர் குறைஞ்சா முதல்ல வீட்டுக்கு அனுப்புறது பீஸ்ரேட் ஆளுங்களைத்தான், கம்பெனி மூடினா சங்கம் எங்க இருக்கும்னு அவரே கேட்டுக்கிட்டாரு. மேடையில அரைமணி நேரம் கேட்டதை விட இந்த ரெண்டு நிமிஷத்துல எனக்கு நிறைய விளங்குச்சு.

பிரதிநிதிகள் அமர்வு மூடின கதவுக்குள்ளதான். சுமார் எண்ணூறு பேரு உள்ள. தீர்மான வரைவு ரெண்டு மாசம் முன்னாடியே கிளைகளுக்குப் போயி, மூவாயிரத்துக்கு மேல திருத்தம் வந்திருக்கு. இதை நான் லேசா எடுத்துக்கல, நம்ம ஊர்ல பொதுக்குழுன்னா தீர்மானத்தை வாசிச்சதும் கைதட்டி முடிக்கிற கட்சிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கோம்.

வெளியில புத்தகக் கடை பக்கம் பாலக்காட்டுல இருந்து வந்த ஒரு அக்காவைப் பார்த்தேன். நல்லாவே தமிழ் பேசினாங்க. பேச்சு வாக்குல கேரளாவுல ஆஷா ஊழியருங்க, அதாவது வீடு வீடாப் போற சுகாதாரப் பணியாளருங்க, நடத்துற போராட்டத்தைப் பத்திக் கேட்டேன். திருவனந்தபுரத்துல செக்ரட்டேரியட் வாசல்ல பிப்ரவரி 10ல இருந்து உக்கார்ந்திருக்காங்க, மாசம் 7000 ரூபா மதிப்பூதியத்தை 21000 ஆக்கச் சொல்லி. மூணு நாள் முன்னாடி தலைமுடியை வெட்டிப் போட்டுப் போராடினாங்க, அந்தப் படத்தை எல்லாருமே பார்த்திருப்போம். அக்கா கட்சி சொல்ற பதிலைத்தான் முதல்ல சொன்னாங்க: அது மத்திய அரசோட திட்டம், அவங்கதான் ஊழியர்னு அங்கீகரிச்சு சம்பளம் தரணும், மத்த மாநிலத்தோட ஒப்பிட்டா கேரளாவுல கூடுதலாத்தான் தர்றோம், போராடுற சங்கம் எங்களுக்கு எதிரான கட்சியோட சங்கம்னு.

இதுல உண்மை இருக்கு. திட்டம் மத்திய அரசோடதுதான், பணத்தை இழுத்தடிக்கிறதும் நடக்குதுதான். ஆனா சங்கம் யாரோடதுன்னு பார்த்து வெயில்ல உக்கார்ந்திருக்கிற பொம்பளையோட கோரிக்கையை எடை போடுறது எனக்கு ஏத்துக்க முடியல. இதையே அக்காகிட்டயும் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசல, கையில இருந்த புத்தகத்தைத் திரும்ப அடுக்குல வச்சாங்க, அப்புறம் "எங்க வார்டுல இருக்கிற ஆஷா பொண்ணும் கட்சிதான் தோழர், அவளும் போராட்டத்துக்குப் போகல, ஆனா அவளுக்கும் 7000தான்"னு சொன்னாங்க. அதுக்கு மேல நான் எதுவும் கேக்கல.

சாயங்காலம் 'கூட்டாட்சியே இந்தியாவின் வலிமை'ன்னு கருத்தரங்கம். முதல்வர் ஸ்டாலினும் பினராயி விஜயனும் ஒரே மேடையில, கர்நாடகத்துல இருந்து அமைச்சர் ஒருத்தரும் வந்திருந்தாரு. நிதிப் பங்கீடு, கவர்னர், தொகுதி மறுவரையறைன்னு பேசினது எல்லாம் நியாயமான விஷயம், எனக்கு அதுல மாற்றுக் கருத்தே இல்ல. கூட்டமும் அப்படிக் கூடுச்சு, ரோடு வரைக்கும் நின்னாங்க.

ஆனா போன வருஷம் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளிங்க செப்டம்பர் 9ல இருந்து 37 நாள் ஸ்ட்ரைக் பண்ணாங்க இல்லையா, அதுவும் ஞாபகத்துக்கு வந்துச்சு. சங்கத்தைப் பதிவு பண்ணித் தரச் சொல்லித்தான் கேட்டாங்க. பந்தலைப் பிரிச்சது, ராத்திரியில வீட்டுக்குப் போயி ஆளைப் பிடிச்சது எல்லாம் தமிழ்நாட்டுப் போலீஸ்தான். அப்ப இவங்களோட தொழிற்சங்கமான சிஐடியு அந்தப் பசங்க பக்கம் உறுதியா நின்னுச்சு, திமுகவோட கூட்டணியாச்சேன்னு பின்வாங்கல, கடைசியில இந்த ஜனவரியில சங்கம் பதிவும் ஆச்சு. அதே ஜனவரியில விழுப்புரம் மாநில மாநாட்டுல அப்ப மாநிலச் செயலாளரா இருந்த கே. பாலகிருஷ்ணன் 'தமிழ்நாட்டுல அறிவிக்கப்படாத அவசரநிலையா'ன்னு கேட்டதுக்கு திமுக பத்திரிகை முரசொலி கடுமையா எழுதுச்சு. நான் தேடி வந்த கேள்விக்கு இது ஒரு நல்ல பதில்தான். அப்ப ஆஷா விஷயத்துல மட்டும் ஏன் வேற அளவுகோல்?

ஏப்ரல் 4, வெள்ளி

இன்னிக்கு முழுக்க மூடின அமர்வுதான்னு வில்லாபுரம் போனேன். லீலாவதியோட ஏரியா. இந்தத் தலைமுறைக்குத் தெரியாமப் போயிடக் கூடாதுன்னு எழுதறேன்: மாதர் சங்கத்துல இருந்து வந்தவங்க, 1996ல மாநகராட்சிக் கவுன்சிலரா ஜெயிச்சாங்க, ஏரியாவுக்குக் குழாய்த் தண்ணி கொண்டு வரப் போராடினாங்க, லாரித் தண்ணி வித்துக் காசு பார்த்தவங்களுக்கு அது பொறுக்கல. 1997 ஏப்ரல் 23 காலையில, பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னாங்க. அந்த வழக்குல தண்டனை வாங்கினவங்க திமுகவச் சேர்ந்தவங்க. ஆயுள் தண்டனையில இருந்த அவங்க 2008ல அண்ணா நூற்றாண்டை ஒட்டி முன்கூட்டியே வெளிய வந்தாங்க, மார்க்சிஸ்ட் கட்சி அதை எதிர்த்துச்சு.

குழாயடியில ஒரு பாட்டி குடத்தை வரிசையில வச்சுட்டு உக்கார்ந்திருந்தாங்க. லீலாவதின்னதும் "அந்தப் புள்ளையா"ன்னு கேட்டுட்டு கையை நீட்டித் தெருவைக் காட்டினாங்க, இந்தப் பக்கம் நடந்து போவும், வீடு வீடா நின்னு பேசும், முந்தானையை இடுப்புல சொருகிட்டு மாநகராட்சி ஆபீசுக்குப் போயி நின்னா அதிகாரிங்க எந்திரிச்சு நிப்பாங்கன்னு. "இன்னிக்கு யாரு வர்றா?"ன்னு கேட்டாங்க. மாநாடு நடக்குது பாட்டி, தமுக்கத்துலன்னு சொன்னேன். தெரியும், உண்டியல் எடுத்துட்டு வந்தாங்க, இருபது ரூபா போட்டேன்னாங்க.

நேத்து சாயங்காலம் மேடையைப் பார்த்துட்டு இன்னிக்கு இந்தத் தெருவுல நிக்கிறது எனக்கு லேசா இல்ல. கூட்டணி வேணாம்னு நான் சொல்ல வரல. 2016ல மக்கள் நலக் கூட்டணின்னு தனியா நின்னு ஒரு சீட்டும் வரல, 2021ல திமுக கூட்டணியில 6 சீட்டு வாங்கி 2 ஜெயிச்சாங்க, அதுல கந்தர்வக்கோட்டை சின்னதுரை மாதிரி விவசாயக் கூலி வேலை பார்த்த மனுஷன் சட்டசபைக்குப் போக முடிஞ்சுது. அது சின்ன விஷயம் இல்ல. ஆனா 2019 தேர்தலுக்கு திமுககிட்ட இருந்து 10 கோடி ரூபா வாங்கின விஷயம் இருக்கே, அது எனக்கு இன்னும் செரிக்கல. ராத்திரி நண்பன்கிட்ட நேராவே கேட்டேன். "பேங்க் மூலமா வந்துச்சு, கணக்குல காட்டியிருக்கோம், ஒளிச்சு வைக்கல, தேர்தல் பத்திரத்துல ஒரு பைசா வாங்காம அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போன கட்சி மாப்ள இது"ன்னான். பத்திர விஷயம் நூத்துக்கு நூறு உண்மை, 2024 பிப்ரவரியில வந்த அந்தத் தீர்ப்புக்கு இவங்களும் ஒரு காரணம். ஆனா கணக்குல காட்டிட்டா மட்டும் போதுமாடா, தேர்தல் செலவுக்கே பெரிய கட்சியைப் பார்த்து நின்னா நாளைக்கு இன்னொரு சாம்சங் வரும்போது குரல் எவ்வளவு சத்தமா வரும்னு கேட்டேன். "சாம்சங்ல வந்துச்சுல்ல"ன்னான். ஆமா, வந்துச்சுதான்.

கேரளா முதல்வரோட மகள் சம்பந்தப்பட்ட கம்பெனி வழக்குல மத்திய ஏஜென்சிக்கு அனுமதி கிடைச்ச செய்தி வந்ததும் நிருபர்கள் எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க. அரசியல் பழிவாங்கல்னு தலைவருங்க எல்லாரும் ஒரே பதில். வழக்கு கோர்ட்டுல நிக்குமா நிக்காதான்னு கோர்ட்டு சொல்லட்டும், மத்திய ஏஜென்சிங்க எப்படி வேலை பார்க்குதுன்னு நமக்கும் தெரியும். ஒரு ஆளுக்காகக் கட்சி முழுசும் இவ்வளவு வேகமா முன்னாடி வந்து நிக்குதே, ஆஷாக்களுக்கு இந்த வேகத்துல பாதி போதுமே.

ஏப்ரல் 5, சனி

ஆரப்பாளையத்துல பஸ் ஏறி உசிலம்பட்டி, அங்க இருந்து எழுமலை பஸ்ல உத்தப்புரம். ஊரை ரெண்டாப் பிரிச்ச தீண்டாமைச் சுவர் இருந்த ஊரு, 1989 கலவரத்துக்கு அப்புறம் எழுப்பினது. தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் கட்சியும் விஷயத்தை வெளிய கொண்டு வந்து, காரத் வர்றாருன்னு தேதி குறிச்சதும், அவரு வர்றதுக்கு முந்தின நாளு, 2008 மே 6ஆம் தேதி, அரசாங்கமே சுவருல ஒரு பகுதியை இடிச்சுப் பாதை விட்டுச்சு. கோயிலுக்குள்ள தலித் மக்கள் போக 2011 வரைக்கும் ஆச்சு. டீக்கடையில பேச்சுக் கொடுத்தா பெரியவர் ஒருத்தர் "சிவப்புக் கொடிக்காரங்க மட்டும் விடாம வந்துட்டே இருந்தாங்க தம்பி, கேசுக்கு, கோர்ட்டுக்கு, எல்லாத்துக்கும்"னு சொன்னாரு. நீங்க அவங்களுக்கு ஓட்டுப் போடுவீங்களான்னு கேட்டேன். சிரிச்சுட்டு டீயைக் குடிச்சாரு.

இவங்களோட பெரிய சிக்கலே இதுதான்னு எனக்குத் தோணுது, கேசுக்கு இவங்க வேணும், ஓட்டு வேற யாருக்கோ. வாச்சாத்தியும் அப்படித்தான். தர்மபுரி பக்கத்து மலைவாழ் மக்கள் ஊரு, 1992 ஜூன் 20ஆம் தேதி வனத்துறையும் போலீசும் புகுந்து 18 பொண்ணுங்களைப் பாலியல் வன்கொடுமை பண்ணாங்க, அதை மலைவாழ் மக்கள் சங்கம் வெளிய கொண்டு வந்து, 2011ல குற்றம் சாட்டப்பட்டவங்கள்ல உயிரோட இருந்த 215 பேருக்கும் தண்டனை, 2023ல ஹைகோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. அந்த வழக்கை ஆரம்பத்துல இருந்து தூக்கிச் சுமந்த பெ. சண்முகம்தான் இப்ப மாநிலச் செயலாளர். தமிழ்நாட்டுல அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தலித். ரொம்ப சந்தோஷம், ஆனா வெண்மணி கொடியை ஏத்துற கட்சிக்கு இதுக்கு 2025 வரைக்கும் ஆகியிருக்கக் கூடாது. அரசியல் தலைமைக் குழுவுக்கு முதல் தலித்தா ராமச்சந்திர டோம் வந்ததே 2022 கண்ணூர் மாநாட்டுலதான், கட்சி ஆரம்பிச்சது 1964. வர்க்கம் பேசினா சாதி தானா கரைஞ்சுடும்னு ரொம்ப காலம் நம்பினதோட விலை இது. கீழ இருக்கிற தோழர்கள்கிட்ட இதைச் சொன்னா சண்டைக்கு வர்றதில்ல, ஒத்துக்கறாங்க.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்னிக்கு மதுரை முழுக்க போலீஸ். பாம்பன்ல புது ரயில் பாலத்தைத் திறந்து வச்சுட்டு பிரதமர் மதுரை ஏர்போர்ட் வழியா டெல்லி போறாரு, அதே நாள்ல இங்க பேரணி.

மதியம் செய்தி வந்துச்சு. பொதுச் செயலாளர் எம்.ஏ. பேபி. கொல்லத்துக்காரர், கேரளாவுல கல்வி அமைச்சரா இருந்தவரு. 75 வயசு வரம்புனால காரத், பிருந்தா காரத், மாணிக் சர்க்கார், சுபாஷினி அலி, நம்ம ஜி. ராமகிருஷ்ணன் எல்லாரும் தலைமைக் குழுவுல இருந்து விலகிட்டாங்க, பினராயிக்கு மட்டும் விதிவிலக்கு. முதல்வரா இருக்காருங்கிறது காரணம். எனக்கு இது உடன்பாடு இல்ல, விதின்னு வச்சா ஆளுறவருக்குத்தான் முதல்ல பொருந்தணும். தமிழ்நாட்டுல இருந்து உ. வாசுகியும் கே. பாலகிருஷ்ணனும் தலைமைக் குழுவுக்குப் போறாங்க. 18 பேர்ல பொம்பளைங்க ரெண்டே பேரு, வாசுகியும் மரியம் தாவ்லேயும்.

ஆனா இந்த அஞ்சு நாள்ல என்னை ரொம்ப யோசிக்க வச்ச செய்தி வேற. மத்தியக் குழுவுக்குத் தலைமை கொடுத்த பட்டியலை எதிர்த்து மகாராஷ்டிராவுல இருந்து டி.எல். கராட் போட்டியிட்டாரு, நாசிக்கைச் சேர்ந்த சிஐடியு தலைவர். ரகசிய ஓட்டெடுப்பு நடந்துச்சு. 31 ஓட்டு கிடைச்சுது, தோத்துட்டாரு. டிவியில இதை 'உட்கட்சிப் பூசல்'னு போட்டாங்க. எனக்கு நேர் எதிராத் தோணுச்சு. தலைமை எழுதின பட்டியல்ல இல்லாத ஒருத்தர் எழுந்து நிக்கலாம், ஓட்டுப் பெட்டி வைப்பாங்க, எண்ணுவாங்க, எண்ணிக்கை வெளிய வரும், அவரு கட்சியிலயும் இருப்பாரு. நம்ம மாநிலத்துல வேற எந்தக் கட்சியில இது நடக்கும்? அந்த 31 பேரு யாருன்னு யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

சாயங்காலம் செந்தொண்டர் அணிவகுப்பு. வரிசை கிளம்புறதுக்கு முன்னாடி ரோட்டோரம் ஒரு பொண்ணு உக்கார்ந்து புது கேன்வாஸ் ஷூவைக் கழட்டிக் குதிகால்ல பஞ்சு வச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பக்கத்துல இன்னொரு பொண்ணு அதோட காக்கி பேண்ட் மடிப்பைச் சரி பண்ணி ஊக்கு குத்திவிட்டுச்சு. ரெண்டு பேரும் திருநெல்வேலி பக்கத்து பீடிக் கம்பெனித் தொழிலாளி வீட்டுப் பொண்ணுங்க, அம்மாவும் பாட்டியும் பீடி சுத்துறவங்க, இதுங்க காலேஜ் படிக்குதுங்க. மூணு வாரம் மொட்டை மாடியில நடைப் பயிற்சி எடுத்துச்சாம். "கால் வலிக்கலையாம்மா"ன்னு கேட்டா "இது ஒரு நாள்தானேண்ணே, அம்மாவுக்கு தினமும் முதுகு வலி"ன்னுச்சு. விசில் அடிச்சதும் எந்திரிச்சு ஓடி வரிசையில நின்னுடுச்சுங்க.

வந்திருந்த கூட்டம் பிரியாணிக்கும் காசுக்கும் வந்த கூட்டம் இல்ல, அதை என் கண்ணால பார்த்தேன், வேன் வாடகையை ஊர்ல வசூல் பண்ணி வந்திருக்காங்க, கட்டுச்சோறு பொட்டலம் கையில இருக்கு. இப்படி ஒரு கூட்டத்தை வச்சிருக்கிற கட்சி தேர்தல் செலவுக்கு இன்னொரு கட்சிகிட்ட 10 கோடி வாங்க வேண்டியதில்ல. வில்லாபுரத்துப் பாட்டி இருபது ரூபா போட்டிருக்காங்க, அவங்க மாதிரி ஆளுங்ககிட்ட உண்டியலை எடுத்துட்டுப் போனா குறைவாத்தான் சேரும், அந்தக் குறைவான பணத்துல எத்தனை தொகுதியில நிக்க முடியுமோ அத்தனையில நிக்கட்டும். 2026க்கு சீட்டுப் பேச்சு இன்னும் கொஞ்ச மாசத்துல ஆரம்பிச்சுடும், அப்பப் பார்க்கலாம்.

பேபி பதவியேத்ததும் முதல் வேலையா என்ன செய்யணும்னு என்னைக் கேட்டா ஒண்ணுதான் சொல்லுவேன். திருவனந்தபுரம் செக்ரட்டேரியட் வாசலுக்குப் போகணும். சங்கம் யாரோடதுன்னு கேக்காம அந்தப் பொம்பளைங்க கூட உக்கார்ந்து பேசணும். மாநில அரசு தன் பங்குக்கு எவ்வளவு கூட்ட முடியும்னு ஒரு தொகையைச் சொல்லட்டும், மீதியை வாங்க அவங்களையும் கூட்டிட்டு டெல்லிக்குப் போகட்டும். பஸ் ஏத்திவிட வந்த நண்பன்கிட்ட இதைச் சொன்னேன். "எழுது மாப்ள, எங்க ஏரியா கமிட்டியில நானே வாசிச்சுக் காட்டுறேன்"ன்னான். எழுதிட்டேன், வாசிச்சுட்டு அங்க என்ன சொன்னாங்கன்னு அவன் சொல்லட்டும், அதையும் இங்கேயே போடறேன்.